கண்ணுக்குக் கீழே தொங்கும் பை: கேட்டதும் சொன்னதும்

கண் சத்திரசிகிச்சைக் கூடத்தில் 20 வருடத்துக்கு மேல் தாதியாக நின்றிருக்கிறேன். 51 வயதில் என்னுடைய கீழ் இமைப் பைகளுக்கும் ஒப்பரேஷன் செய்துகொண்டேன். அதனால் கத்தி எடுத்துக் கொடுக்கவும் தெரியும், மேசையில் படுத்துக் கிடக்கவும் தெரியும். ஆனால் நான் வைத்தியர் இல்லை. உங்கள் கண்ணைப் பார்க்காமல் செய், செய்யாதே என்று சொல்ல மாட்டேன்.

கொக்குவிலில் இருந்து ஓர் ஆசிரியை, 46 வயது: எவ்வளவு நித்திரை கொண்டாலும் பள்ளிக்கூடத்தில் "என்ன டீச்சர், இரவு நித்திரை இல்லையோ?" என்கிறார்கள். இந்தப் பை ஏன் வருகிறது அக்கா? கிரீமுக்குப் போகாதா?

கண்ணைச் சுற்றி மெத்தை மாதிரிக் கொழுப்பு இருக்கிறது. கீழ் இமைப் பக்கம் அது மூன்று பொதியாக இருக்கும். அதை ஒரு மெல்லிய சவ்வு முன்னால் நின்று தடுத்து வைத்திருக்கிறது. 40 தாண்ட அந்தச் சவ்வு தளரும், கொழுப்பு முன்னுக்குத் தள்ளும். அதே காலத்தில் கன்னமும் வற்றிக் கீழே இறங்க, பைக்கு அடியில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்து நிழலைத்தான் சனம் களைப்பு என்கிறது.

கஃபீன் கலந்த கிரீம் வீக்கத்தைச் சில மணி நேரம் குறைக்கும். ரெட்டினோல் மெல்லிய சுருக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும். சவ்வுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பை எந்தக் கிரீமும் எட்டாது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடி முன்னால் நின்று, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்துங்கள். கொழுப்பு என்றால் பை இன்னும் துருத்தும். காலையில் ஊதி மத்தியானத்துக்குள் வற்றுகிறது என்றால் அது நீர். அப்போது முதல் நாள் இரவு என்ன கருவாடு என்று யோசியுங்கள்.

சுன்னாகம், 43: எனக்குப் பை இல்லை, கறுப்பு மட்டும்தான். ஒப்பரேஷன் செய்தால் போகுமா?

வெட்டி எடுக்க அங்கே ஒன்றும் இல்லை, தங்கச்சி. எங்கள் நிறத்துக்குக் கண்ணடியில் கறுப்பு சாதாரணம். பலருக்கு அது குடும்ப வழி. ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கிக் கசக்கிக் கறுத்தவர்களும் உண்டு. யன்னலுக்கு நேரே நின்று முகத்தில் வெளிச்சம் விழப் பாருங்கள். கறுப்பு மறைந்தால் அது நிழல். மறையாவிட்டால் தோலின் நிறம், அதற்குத் தோல் வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

மானிப்பாய், 54, ஆண்: இமைக்கு உள்ளால் வெட்டுவதா, வெளியால் வெட்டுவதா? ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

இரண்டும் சரிதான், ஆளைப் பொறுத்தது. தோல் இறுக்கமாக இருந்து கொழுப்பு மட்டும் தள்ளினால், இமையைத் திருப்பி உட்பக்கத்தில் வெட்டுவார்கள். வெளியே தழும்பே இருக்காது. தோலும் தொங்கினால் கண்மயிருக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கீழே வெட்டி, மிச்சத் தோலையும் கொஞ்சம் எடுப்பார்கள். கொஞ்சம் என்பதைக் கவனியுங்கள். கூட எடுத்தால் இமை கீழே இழுபட்டு வெள்ளைவிழி தெரியும், சில வேளை இமையே வெளிப்பக்கம் திரும்பிவிடும். பிறகு கண் காய்ந்து எரிந்துகொண்டே இருக்கும். அதைத் திருத்துவது முதல் ஒப்பரேஷனை விடக் கஷ்டம்.

அதனால்தான் முன்கூட்டியே இமையின் இறுக்கத்தைப் பார்க்கிறார்கள். எனக்குச் செய்த வைத்தியர் கீழ் இமையை இரண்டு விரலால் பிடித்து இழுத்து விட்டார். இறப்பர் பட்டி மாதிரி உடனே கண்ணோடு ஒட்ட வேண்டும். வலது இமை ஒட்டியது. இடது அப்படியே சோம்பி நின்று, நான் கண் சிமிட்டிய பிறகுதான் திரும்பியது. அடுத்தவர்களில் நூறு தரம் பார்த்த சோதனை, ஆனால் என் முகத்தில் பார்த்தபோது வயிறு கலங்கியது. அந்தக் கண்ணுக்கு வெளி மூலையில் இமையை இழுத்துப் பிடிக்க ஒரு தையல் கூடுதலாகப் போட்டார்கள். உங்கள் வைத்தியர் இமையை இழுத்துப் பார்க்காமலே திகதி தந்தால், ஏன் என்று கேளுங்கள்.

இன்னொன்று. முந்தி கொழுப்பை நிறைய எடுத்துவிடுவார்கள். சில வருடத்தில் கண் குழிவிழுந்து, ஆள் இன்னும் வயதாகத் தெரிவார். இப்போது பலர் அந்தக் கொழுப்பையே கீழே நகர்த்திப் பள்ளத்தை நிரப்புகிறார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

சாவகச்சேரி, 58: சீனி வருத்தமும் பிறசரும் இருக்கிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து அஸ்பிரின் குடிக்கிறேன். செய்யலாமா?

அண்ணை, அஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். இதய வைத்தியரும் சத்திரசிகிச்சை வைத்தியரும் தங்களுக்குள் கதைத்து முடிவு சொல்லட்டும். ஸ்டென்டா கண் பையா என்றால் ஸ்டென்ட்தான் முக்கியம். மீன் எண்ணெய், விற்றமின் ஈ, பூண்டு மாத்திரை எல்லாவற்றையும் மறக்காமல் சொல்லுங்கள். அவையும் இரத்தக் கசிவைக் கூட்டலாம். சீனியும் பிறசரும் கட்டுப்பாட்டில் இல்லாமல் மேசையில் ஏறவே கூடாது.

பயப்பட வேண்டியது கண்ணுக்குப் பின்னால் இரத்தம் தேங்குவதற்கு. மிக அரிது, ஆனால் பார்வையையே எடுத்துவிடும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். கடும் வலி, கண் முன்னுக்குத் தள்ளுதல், பார்வை மங்குதல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கொழும்பில் செய்துவிட்டு அன்றிரவே யாழ்ப்பாண பஸ் ஏறுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். வவுனியாவுக்கு இந்தப் பக்கம் நடுச்சாமத்தில் கண் தள்ளினால் யார் பார்ப்பார்கள்? குறைந்தது ஓர் இரவாவது வைத்தியசாலைக்குக் கிட்ட தங்குங்கள்.

டொரொன்டோவில் இருந்து விடுமுறைக்கு வந்தவர், 45: கத்தி வேண்டாம், பள்ளத்தை நிரப்பும் பில்லர் ஊசி போடலாம் என்கிறாள் சிநேகிதி.

பை சிறிதாக, பள்ளம் பெரிதாக இருந்தால் பொருந்தலாம். பெரிய பைக்கு மேல் போட்டால் முகம் இன்னும் ஊதும். இமைத்தோல் மிக மெல்லியது, மேலோட்டமாகப் போட்ட பில்லர் நீலமாகத் தெரியும். ஊசி இரத்தக் குழாய்க்குள் போனால் கண் பார்வை போகவும் கூடும், அரிது என்றாலும். ஹையலுரோனிக் அமில பில்லரைக் கரைக்க மருந்து உண்டு. அதைக் கையில் வைத்திருக்காத இடத்தில், அதுவும் அழகுநிலையக் கதிரையில், போடவே வேண்டாம்.

நல்லூர், 50: கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன் செய்தால் திருவிழாவில் அடியழிக்கலாமா?

அம்மாளே, வேண்டாம். அடியழிப்பது என்று அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு எழும்ப முகத்துக்கு இரத்தம் பாயும், வீக்கம் கூடும். நல்லூர் மணல் வேறு கண்ணுக்குள் போகும். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், இரண்டு மூன்று தலையணை வைத்துப் படுக்கை. வெளித் தையலை 5 முதல் 7 நாளில் எடுப்பார்கள். கன்றல் போக 10, 14 நாள் ஆகும். குனிந்து பாரம் தூக்குவதெல்லாம் இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகுதான். வீக்கம் முழுதும் இறங்கி உண்மையான முகத்தைப் பார்க்க சில மாதம் பிடிக்கும். முருகன் 25 நாளும் வீதியில்தான் நிற்பார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி நாட்களில் போய்க் கும்பிடுங்கள், நேர்த்தியை அடுத்த வருடம் வையுங்கள்.

பருத்தித்துறை, 39: அம்மாவுக்கு ஒரு மாதமாகக் காலையில் கண் ஊதுகிறது. காலும் வீங்குகிறது. அவவுக்கு இதைச் செய்யலாமா?

இது வடிவுப் பிரச்சினை இல்லை. சலத்தில் நுரை வருகிறதா என்று கேளுங்கள். இந்தக் கிழமையே சலமும் இரத்தமும் சோதித்துச் சிறுநீரகத்தைப் பாருங்கள், தைரொயிட்டையும் பாருங்கள். ஒப்பரேஷன் கதையை இப்போதைக்கு விடுங்கள்.

கோண்டாவில், 47: "இந்த வயதில் என்ன வடிவு" என்கிறார் மனுசன்.

என்னுடையவரும் சொன்னார். அவர் தலைக்கு மை பூசுவதை நிறுத்தவில்லை.

நெல்லியடி, 52: காசு எவ்வளவு முடியும்?

வடிவுக்காகச் செய்வது பெரும்பாலும் தனியாரிடம்தான், இடத்துக்கு இடம் மாறும். சொல்லும் தொகைக்குள் மயக்க மருந்து, கூடத்துக் கட்டணம், தையல் எடுக்கும் நாள், பிறகு பார்க்கும் கிளினிக் எல்லாம் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். திரும்பச் செய்ய வேண்டி வந்தால் யார் காசு என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். நான் அதைக் கேட்க மறந்து, சிறு திருத்தம் ஒன்றுக்கு இரண்டாம் தரம் கட்டினேன்.