ஆள் பிடிக்கும் ஆப் வேண்டாம், விலை சொல்லும் ஆப் போதும்

கேள்வி: வீட்டில் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை எல்லாம் செய்து விற்கிறேன். இன்ஸ்டாகிராமில் பக்கம் இருந்தும் ஆர்டர் என்னவோ தெரிந்தவர்களிடமிருந்துதான் வருகிறது. என் அண்ணன் மகன் ஒரு ஆப் சொல்கிறான். மாதாமாதம் பணம் கட்டினால் அதுவே தினமும் நூற்றுக்கணக்கான பேரை ஃபாலோ செய்யுமாம், அவர்கள் படத்துக்கு லைக் போட்டு "அருமை, எங்கள் பக்கமும் பாருங்கள்" என்று கமென்ட்டும் எழுதுமாம். வாங்கிப் போடலாமா?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: போடாதீர்கள் ஆச்சி. தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்த ஆப் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதலில் அது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். வாங்கிக்கொண்டு எங்கோ இருக்கிற கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் பெயரில் நுழைந்து, சமையல் பக்கங்களைப் பின்தொடர்கிறவர்களை வரிசையாக ஃபாலோ செய்யும், சில நாள் கழித்து அத்தனை பேரையும் விட்டுவிடும். இன்ஸ்டாகிராம் இதை அனுமதிப்பதில்லை. இந்த வகையில் பேர்பெற்றிருந்த இன்ஸ்டாகிரெஸ் 2017-லேயே மூடப்பட்டது. இப்படி ஆப் வைத்துப் போடுகிற லைக், ஃபாலோ, கமென்ட்டுகளை நீக்கப்போவதாக 2018 நவம்பரில் இன்ஸ்டாகிராமே அறிவித்தது. மாட்டினால் ஃபாலோ செய்வதும் கமென்ட் போடுவதும் சில நாள் முடங்கும், தொடர்ந்தால் பக்கமே போய்விடும்.

பக்கம் போவதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. காரைக்குடியில் ஒருவர் தன் ஆயா தவறிப்போன செய்தியைப் படத்தோடு போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே உங்கள் பெயரில் "அருமை, எங்கள் பக்கமும் பாருங்கள்" என்று வந்து நிற்கும். ஆப்புக்குப் படமும் தெரியாது, துக்கமும் தெரியாது. நம் ஊர்களில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் உறவு, அந்த ஒரு வரி எத்தனை வீட்டில் பேசப்படும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. இன்னொன்று, இப்படி வருகிறவர்கள் பலகாரம் வாங்குகிறவர்கள் இல்லை, பதிலுக்கு ஃபாலோ செய்தவர்கள், அவ்வளவுதான். உங்கள் ரீல்ஸ் அவர்களுக்குப் போகும், பார்க்காமல் தள்ளிவிடுவார்கள், யாரும் நின்று பார்க்காத வீடியோவை இன்ஸ்டாகிராமும் மற்றவர்களுக்கு அதிகம் காட்டாது.

சரி, மெஷினே வேண்டாமா என்றால் கட்டாயம் வேண்டும், ஆனால் உங்களைத் தேடி வந்தவர்களைக் கவனிக்க. அடுப்படியில் மாவு பிழிந்துகொண்டிருக்கும்போது ஒருவர் ரீல்ஸுக்குக் கீழே "விலை?" என்று கேட்கிறார், நீங்கள் ராத்திரி பார்க்கும்போது அவர் வேறு இடத்தில் வாங்கி முடித்திருப்பார். மேனிசாட் போன்ற ஆப்கள் இதற்குத்தான். "விலை" என்று யாராவது கமென்ட் போட்டால் அவர் இன்பாக்ஸுக்கு உடனே விலைப்பட்டியல் போய்விடும். இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் நடத்தும் மெட்டா கம்பெனி கொடுத்திருக்கும் முறையான வழியில் இது இயங்குவதால் பாஸ்வேர்டு கேட்காது, உங்கள் கணக்கில் நுழைந்து அனுமதி கொடுத்தால் போதும். கட்டுப்பாடும் உண்டு: ஒரு கமென்ட்டுக்கு ஒரே செய்திதான், அதுவும் 7 நாளுக்குள் அனுப்பவேண்டும். அவர் பதில் எழுதினால்தான் மேற்கொண்டு பேச 24 மணி நேரம் கிடைக்கும். அந்தக் கட்டுப்பாடு நல்லதுதான், கேட்காதவரைத் தொந்தரவு செய்ய முடியாது பாருங்கள். முதல் செய்தியில் விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், கூரியர் செலவு, இந்த மூன்றும் இருக்கட்டும். கடைசியில் "எந்த ஊருக்கு அனுப்பவேண்டும்?" என்று ஒரு கேள்வி வையுங்கள், பதில் வந்துவிடும், அதற்குப் பிறகு நீங்களே பேசுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம். அதில் பலகாரங்களைப் படமும் விலையுமாக கேட்டலாக்கில் ஏற்றலாம், ராத்திரியில் யாராவது எழுதினால் "காலையில் பதில் சொல்கிறேன்" என்று தானாகப் போகும்படி வைக்கலாம், அடிக்கடி கேட்கிற கேள்விக்கான பதில்களையும் சேமித்து வைக்கலாம். மெட்டா பிசினஸ் சூட்டும் இலவசம்தான். தீபாவளிக்கும் பிள்ளையார் நோன்புக்கும் முன்னால் கை ஓயாமல் வேலை இருக்கும் நாட்களுக்கான பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிட்டால் அது போட்டுக்கொள்ளும்.

புது ஆட்களைத் தேட விளம்பரம் இருக்கிறது. சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று நம்மவர்கள் இருக்கும் ஊர்களைத் தேர்ந்தெடுத்துச் சிறிய தொகை போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களின் எண்களை, அவர்கள் சம்மதத்தோடு, மெட்டாவில் ஏற்றினால் அவர்களைப் போன்றவர்களை அதுவே தேடிக் காட்டும். அதற்கு ஒரே நாட்டைச் சேர்ந்த 100 பேராவது அந்தப் பட்டியலில் இருக்கவேண்டும்.

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறோம். ஆர்க்கிடெக்ட், பில்டர் என்று பத்தாயிரம் எண்களும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாட்ஸ்அப் அனுப்புகிற சாஃப்ட்வேரும் தருகிறேன் என்று ஒருவர் வந்திருக்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகர், ஆத்தங்குடி

பதில்: வேண்டாம் அண்ணே. இந்த மாதிரி மொத்தமாக அனுப்புவதை வாட்ஸ்அப் தடை செய்திருக்கிறது, செய்கிறவர்கள்மீது 2019 டிசம்பர் 7 முதல் சட்ட நடவடிக்கையும் எடுப்போம் என்று அறிவித்தது. வருஷக்கணக்காக வாடிக்கையாளர்கள் வைத்திருக்கும் உங்கள் பட்டறை எண் முடங்கிப்போனால் அந்த சாஃப்ட்வேர்க்காரரா வந்து நிற்கப்போகிறார்? பழைய வாடிக்கையாளருக்கு, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும், ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், அவர்கள் உங்கள் எண்ணை சேவ் செய்திருந்தால்தான் போய்ச் சேரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் முறையான வாட்ஸ்அப் பிசினஸ் பிளாட்ஃபார்ம் இருக்கிறது, செய்தியை முன்பே வாட்ஸ்அப்பிடம் காட்டி அனுமதி வாங்கி, விருப்பம் தெரிவித்தவர்களுக்கு மட்டும், காசு கட்டி அனுப்பவேண்டும்.

உங்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள கூகுள் அலர்ட்ஸில் "ஆத்தங்குடி டைல்ஸ்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பதிந்து வையுங்கள், புதிதாக இணையத்தில் வரும் கட்டுரைகள் மெயிலுக்கு வரும். இன்ஸ்டாகிராம் பதிவுகளை அதில் எதிர்பார்க்காதீர்கள், அங்கே கையால்தான் தேடவேண்டும். யாராவது ஒரு ஆர்க்கிடெக்ட் தன் கட்டடத்தில் உங்கள் ஊர் டைல்ஸைப் பதித்துப் படம் போட்டிருந்தால், எந்த அறையில் எந்தப் பூ டிசைன் போட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டு, அதைப் பற்றி நீங்களே இரண்டு வரி எழுதுங்கள். அப்புறம் பட்டறையில் ஒரு வீடியோ எடுங்கள்: கண்ணாடிமேல் அச்சை வைத்து, கலர் சிமென்ட்டை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றி, அச்சைத் தூக்கும்போது கலர் கலக்காமல் நிற்கிறதே, அந்த இடம். தண்ணீரில் ஊறவைத்துக் கண்ணாடியைப் பிரித்ததும் பளபளப்பு தெரிகிற இடத்தையும் விடாதீர்கள். அதற்குக் கீழேதான் "சதுர அடி என்ன விலை?" என்ற கேள்விகள் வரும், மேலே ஆச்சிக்குச் சொன்ன ஆப்பை அங்கே வையுங்கள்.

கேள்வி: கண்டாங்கிச் சேலை விற்கிறேன். கமென்ட்டுக்கெல்லாம் ஏஐ-யையே பதில் எழுத விடலாமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: வரைவு எழுத விடுங்கள், படிக்காமல் அனுப்பாதீர்கள். பருத்திக் கண்டாங்கியைப் பட்டு என்று அது எழுதிவிட்டால் சேலை திரும்பி வரும், கூரியர் காசு உங்கள் தலையில். நூல், நீளம், விலை, இருப்பு நான்கையும் நீங்களே எழுதி அதற்குக் கொடுத்து, இதில் இல்லாததைக் கேட்டால் "கடையில் கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் அந்தக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள், வெளியூர்க்காரர்கள் "ஒரிஜினல்தானா?" என்று கேட்டால் சொல்ல உதவும்.