லித்தியம் சாப்பிடலாமா? டாக்டர் பதில்கள்

மனம் சில காலம் அளவுமீறி எழும்பியும் சில காலம் சோர்ந்தும் போகும் இருமுனை மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் மாத்திரை குறித்து வந்த கேள்விகளுக்கு மனநல மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. இருமுனை மனநோய் என்று லித்தியம் எழுதியிருக்கிறார்கள். கூடவே வந்த தாளில் சிறுநீரகம், தைராய்டு என்றெல்லாம் படித்துவிட்டு அப்பா மாத்திரை அட்டையைப் பிரிக்கவே விடவில்லை.

பதில்: அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. லித்தியம் தைராய்டு சுரப்பைக் குறைக்கக்கூடும். பெண்களுக்கு இது கூடுதல். பத்து, இருபது ஆண்டுகள் சாப்பிட்டவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைகிறது. தாகம், அடிக்கடி சிறுநீர், விரல் நடுக்கம், எடை கூடுவது ஆகியவை அதைவிடப் பரவலானவை.

ஆனால் சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்பதை எந்தக் கம்பெனியும் பெட்டிக்குள் மடித்து வைப்பதில்லை. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். சென்ற முறை தம்பிக்கு நோய் முற்றியபோது எந்த வேலை போனது, எவ்வளவு கடன் ஏறியது, யாருடன் உறவு முறிந்தது, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்ததா? அப்பாவே தன் கையால் எழுதட்டும். இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை எழுதினார். இன்றும் இந்நோய்க்கு நெடுங்காலம் தரப்படும் மருந்துகளில் முதல் வரிசையில் இது இருக்கிறது. லித்தியம் சாப்பிடுவோரிடம் தற்கொலை குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தைராய்டும் சிறுநீரகமும் மாறத் தொடங்கினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் பரிசோதனையில் பெரும்பாலும் பிடித்துவிடலாம். தைராய்டு குறைந்தால் அதற்கு மாத்திரை உண்டு. மனம் தலைகால் புரியாமல் எழும்பியிருந்த வாரத்தில் எழுதிக்கொடுத்த நிலப் பத்திரத்தைத் திரும்ப வாங்க மாத்திரை கிடையாது.

கேள்வி: ஓயாமல் ரத்தம் எடுக்கிறார்கள். இது தேவையா?

பதில்: தேவை. இந்த மருந்தில் பயன் தரும் அளவும் நஞ்சாகும் அளவும் அண்டை வீடுகள். பெரும்பாலோருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கப் பார்க்கிறோம், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. பரிசோதனைக்கே வழியில்லாத ஊரில் இருப்பவருக்கு இதை எழுத நான் தயங்குவேன்.

கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுங்கள். காலை மாத்திரையை அதற்குப் பிறகு போடுங்கள். இன்னொன்று: ரத்தம் பிடிக்கும் பச்சை மூடிக் குழாய்கள் சிலவற்றில், ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் பூசியிருக்கும். அதில் பிடித்தால் குழாயின் லித்தியமும் சேர்ந்து அளவு பொய்யாக ஏறிக் காட்டும். இதைச் சிறிய லேப்களில் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

கேள்வி: அம்மா லித்தியம் சாப்பிடுகிறார். மூட்டு வலிக்கு மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கேட்காமல் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும். ரத்தக் கொதிப்புக்குத் தரும் சில மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். எனவே எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் லித்தியத்தைச் சொல்லுங்கள்.

உப்பும் அப்படித்தான். உடலில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். திடீரென்று உப்பில்லாச் சமையல், தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், சித்திரை வெயிலில் நாள் முழுக்க வேலை, வயிற்றுப்போக்கு எல்லாமே அளவை ஏற்றும். கை உதறல் அதிகமாகி, வாந்தியும் வந்து, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த மாத்திரையைப் போடாமல், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: இரண்டு வருடமாக நன்றாக இருக்கிறேன். நிறுத்திவிடலாமா?

பதில்: நன்றாக இருப்பதே மருந்தினால்தானோ என்று முதலில் யோசியுங்கள். நிறுத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை, முடிவு உங்களுடையது. சட்டென்று நிறுத்தினால் நோய் விரைவில் திரும்பும் வாய்ப்பு அதிகம். டாக்டர் மேற்பார்வையில் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாகக் குறையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நோய் திரும்புவதன் அடையாளமாகத் தூக்கம் குறைவதை அவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள்.

கேள்வி: மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. இதே நோய்க்கு வால்புரோயேட் என்ற வேறொரு மருந்து சாப்பிடுகிறாள். குழந்தைக்கு ஆபத்தா?

பதில்: ஆம், அம்மா. இப்போதே டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்ப காலத்தில் வால்புரோயேட் சாப்பிட்டால் நூற்றில் சுமார் பத்துக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வருகிறது. முப்பது முதல் நாற்பது பேருக்கு அறிவு, மொழி வளர்ச்சியில் பாதிப்பு. முதல் மூன்று மாதங்களில் லித்தியம் சாப்பிட்டாலும் இதயக் கோளாறு சற்றுக் கூடுகிறது. ஆனால் முன்பு அஞ்சிய அளவுக்கு இல்லை. பிரசவத்துக்குப் பின்வரும் வாரங்களில் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம் என்பதையும் கணக்கில் வையுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்துவிட்டு, மகள் மாத்திரையைக் கழிவறையில் கொட்டும் நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பழக்கத்துக்கு அடிமையாகிவிடுவேனா?

பதில்: மாட்டீர்கள்.

கேள்வி: ஒரு வேளை மாத்திரையைப் போட மறந்துவிட்டால்?

பதில்: விட்டதை விட்டுவிடுங்கள். அடுத்த வேளைக்கு வழக்கமான அளவை மட்டும் சாப்பிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.