கம்பெனி போன பிறகும்

அன்புள்ள ஐயா,
சிங்கப்பூரின் ஜூரோங் தொழிற்பேட்டை பற்றி எழுதியபோது எல்லாப் பெருமையையும் அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டீர்கள். துறைமுகம் ஏற்கெனவே இருந்தது. தொழிற்சாலை போட்டது வெளிநாட்டுக் கம்பெனிகள். நிலமும் வரிச்சலுகையும் எந்த நாடும் கொடுக்கலாமே?
கே., ஈசூன்

அன்புள்ள கே.,

துறைமுகம் 1819லிருந்தே இருந்தது. ஆனால் அடுத்த 140 வருடங்களில் அதை நம்பி இங்கே வந்தது ரப்பர் பதப்படுத்துதல், ஈயம் உருக்குதல், அன்னாசி டின் போன்ற சில தொழில்கள்தான். நிலமும் வரிச்சலுகையும் மட்டும் போதாது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. 1961ல் ஜூரோங்கின் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்பேட்டை போட ஆரம்பித்தபோது கம்பெனிகள் வரத் தயங்கின, அப்போதைய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீயின் பெயரைச் சேர்த்தே ‘கோவின் முட்டாள்தனம்’ என்றார்கள்.

நான் பெரிதாக நினைப்பது அதற்கு அப்புறம் நடந்ததை. 1972ல் அரசாங்கத்தின் பொருளியல் வளர்ச்சிக் கழகம் டாட்டாவோடு சேர்ந்து ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது, அடுத்த வருடம் ஜெர்மன் கேமரா நிறுவனமான ரோலையோடு, 1975ல் பிலிப்ஸோடு. சொல்லிக்கொடுக்கும் ஆளும் முறையும் கம்பெனியுடையது, செலவில் அரசாங்கத்துக்கும் பங்கு, அதனால் பயிற்சி பெற்றவர்கள் அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் என்று இல்லாமல் நாட்டுக்கே கிடைத்தார்கள். 1981ல் ரோலை நொடித்துப்போனது. கேமரா போனது, துல்லிய வேலை தெரிந்தவர்கள் இங்கேயே இருந்தார்கள். என் அம்மாவின் தம்பி லேத் பிடித்தவர். அவர் வேலை பார்த்த மூன்று கம்பெனிகளில் இரண்டு இன்று இல்லை, ஆனாலும் ஒரு மாதத்துக்கு மேல் அவர் வீட்டில் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

அரசாங்கம் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். மலிவுக் கூலித் தொழில்கள் தானாக வெளியேறட்டும் என்று 1979லிருந்து சம்பளத்தை வேகமாக ஏற்றினார்கள். 1985ல் பொருளியல் சரிந்ததற்கு அந்தச் செலவும் ஒரு காரணம், மறுவருடமே ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு முதலாளிகள் கட்டும் பங்கைச் சம்பளத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 10க்குக் குறைக்க வேண்டியதாயிற்று. அதன் வலியைத் தாங்கியது ஊழியர்கள், அதை மறக்கக் கூடாது. ஆனால் அதே 1979ல், குறைந்த சம்பள ஊழியர்களுக்காக முதலாளிகளிடம் தீர்வை வாங்கி, அந்தப் பணத்தை ஊழியர் பயிற்சிக்கே செலவழிக்கும் திறன் மேம்பாட்டு நிதியையும் தொடங்கினார்கள். சம்பளச் செலவை இறக்க வேண்டி வந்தபோதும் அந்த நிதியைக் கைவிடவில்லை.

நீங்கள் கேட்ட “எந்த நாடும் கொடுக்கலாமே” என்பதற்கு என் பதில் இந்த நிதிதான்.