பதில்: ஒரே நாளில் நான்கு புயலா?

வணக்கம். உங்கள் அட்டவணையில் 2013 அக்டோபர் 28-க்கு நேரே செயின்ட் ஜூட், கிறிஸ்டியான், சிமோன், ஆலன் என்று நான்கு வரிசை நிற்கிறது, எதை அடித்து நீக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றை அடித்துவிடலாம். நான்கும் ஒரே புயல்தான்.

அப்போது நாட்டுக்கு நாடு பெயர் வேறு. பிரிட்டனில் அன்றைய புனிதர் திருநாளை வைத்து ஜூட் என்றார்கள். ஸ்வீடன் நாட்காட்டியில் அதே தேதி சிமோனுக்கு உரியது. கிறிஸ்டியான், பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகப் பட்டியலில் வந்த பெயர் (அங்கே காசு கட்டினால் உங்கள் பெயரையே வைக்கலாம்!). டென்மார்க்கில் புயல் போன பிறகுதான் ஆலன் என்று பெயர் சூட்டினார்கள்.

வேகத்தில் 53.5, 193 என்று இரண்டு எண் வருவதும் முரண் இல்லை. முன்னது விநாடிக்கு மீட்டர், பின்னது மணிக்குக் கிலோமீட்டர், 3.6-ஆல் பெருக்கிப் பாருங்கள். தென் டென்மார்க்கின் கேக்னேஸில் பதிவானது. ஆனால் அது சில விநாடி மட்டும் அடித்த ஒரு வீச்சின் உச்சம். நீங்கள் அட்டவணையில் 'சராசரி வேகம்' என்ற நெடுவரிசையில் போட்டிருக்கிறீர்கள், மாற்றிவிடுங்கள்.

மரங்கள் ஏன் அத்தனை விழுந்தன என்ற இடம் காலியாக இருக்கிறதே? அக்டோபர் கடைசியில் பல மரங்களில் இலை இன்னும் உதிரவில்லை. மொட்டைக் கிளைகளுக்கு நடுவே காற்று புகுந்து போய்விடும். இலையோடு நிற்கும் மரம் விரித்த கப்பல் பாய் மாதிரி முழுக் காற்றையும் வாங்கிக்கொள்ளும். ஈர மண் என்றால் வேரோடு சாயும்.

அப்புறம், அதே ஆண்டு டிசம்பர் 5-ல் டென்மார்க்கைத் தாக்கிய போடில் வேறு புயல். அதற்குத் தனி வரிசை வேண்டும். ஜெர்மனியில் அதன் பெயர் சாவர், மறுபடி குழம்பிவிடாதீர்கள்.