நான்கடிச் செடிக்கு அரையடி வேர்

கேள்வி: காரிமங்கலம் அருகே புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். வாசல் எப்போதும் பச்சையாக இருக்கட்டும் என்று பங்குனியில் நர்சரியிலிருந்து காகிதப்பூ, அரளி, இட்லிப்பூ என நான்கடி உயரச் செடிகளாக வாங்கி நட்டோம். வறட்சி தாங்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தினமும் செடிக்கு ஒரு குடம் போர் தண்ணீர் ஊற்றியும் இலை மஞ்சளாகி உதிர்கிறது. டிஏபி உரம் வைத்தும் பயனில்லை. மருந்துக் கடையில் பூஞ்சை மருந்து தருகிறார்கள். அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள் அம்மா. இட்லிப்பூவில் கொழுந்திலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த போர் தண்ணீரில் இட்லிப்பூ மண்ணிலுள்ள இரும்பை எடுக்கத் திணறும். டிஏபியில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அந்தத் தடையை இன்னும் கூட்டும், உடனே நிறுத்துங்கள். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை மாலையில் இலைமேல் தெளியுங்கள்.

காகிதப்பூவும் அரளியும் உதிர்வதற்குக் காரணம் வேறு. வேர் எங்கே நிற்கிறது என்று நீங்கள் பார்த்தீர்களா? ஒரு செடியின் பக்கத்தில் ஒரு சாண் தோண்டுங்கள். பையில் இருந்த வேர், நூற்கண்டு போலச் சுற்றியபடியே இன்னும் இருக்கும். தினமும் ஊற்றுகிற குடம் அந்தக் கண்டை மட்டும் நனைத்து அழுகவைக்கிறது. அதைச் சுற்றிய செம்மண் சரளை காய்ந்தே கிடக்கிறது. தண்ணீர் காலடியிலேயே கிடைக்கும்போது வேர் எதற்காகக் கீழே இறங்கும்?

வறட்சி தாங்குவது செடியின் பெயரில் இல்லை, இறங்கிய வேரில் இருக்கிறது. நர்சரிக்காரர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். நான்கடிச் செடிக்குக் கிடைக்கும் விலை ஒரு சாண் கன்றுக்குக் கிடைக்காது. சிறிய பையில் நாள்கணக்கில் முடங்கிய செடியைத் தென்னைநார்க் கழிவில் பெரிய பைக்கு மாற்றி, உயரத்துக்கு விலை வைக்கிறார்கள். உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள்; மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். தமிழக அரசு 2025-இல் தடை செய்த கோனோகார்ப்பஸ் என்ற அயல்நாட்டு மரக்கன்றை வேறு பெயரில் நீட்டினாலும் தொடவேண்டாம்.

இருக்கிற செடிகளுக்கு ஒன்று செய்யலாம். ஆடியில் நல்ல மழை பெய்த மறுநாள் தோண்டி எடுங்கள். வேர் கறுத்து நாறினால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள். வெளுத்த வேர் இருந்தால், வேர்க்கண்டின் நான்கு பக்கமும் கத்தியால் மேலிருந்து கீழாக ஓர் அங்குல ஆழம் கீறி, கிளையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டு, ஒன்றரை அடிக் குழியில் தோண்டிய மண்ணையே போட்டு நடுங்கள். மழையில்லாத நாட்களில் முதல் மாதம் நான்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு குடம், பிறகு வாரம் ஒருமுறை. ஒவ்வொரு மாதமும் பாத்தியைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். தண்ணீரைத் தேடி வேர் வெளியே வரும்.

வெறுமையாகும் இடங்களுக்கு மீண்டும் நர்சரிக்குப் போகவேண்டாம். நம் மாவட்டக் கரடுகளில் யாரும் ஊற்றாமலே பச்சையாக நிற்கும் விராலியைப் பார்த்திருப்பீர்கள். அதன் விதை கடினத் தோல் உடையது. கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்துச் சிறு பையில் விதையுங்கள். ஒரு சாண் வளர்ந்ததும் நட்டுவிடலாம். ஆவாரைக்கு ஆணிவேர் என்பதால் நேரே நிலத்தில் விதைப்பதே நல்லது. ஆடாதொடையைக் குச்சி வெட்டி நட்டால் போதும். ஆடும் மேயாது. வேலிக்கு முள் வேண்டுமானால் களா. காயை ஊறுகாய் போடலாம்.

அரளியின் இலை, தண்டு, பூ எல்லாமே விஷம். வெட்டிய தழையை ஆடு மாடு எட்டாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள். மாட்டுத் தொட்டித் தண்ணீரில் ஓர் இலை விழுந்தாலும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் வாசல் ஓரத்தில் அரளி வேண்டாம். அந்த இடத்தில் விராலியை வையுங்கள்.