சுசுகி ஜிம்னி ஜீப்பின் சஸ்பென்ஷனை (சக்கரங்களுக்கு மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பை) 2 அங்குலம் உயர்த்தினால் நெடுஞ்சாலையில் ஆபத்து கூடுமா?

கூடும். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான இடைவெளியை ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வண்டி கவிழாமல் நிற்கும் தன்மையைத் தோராயமாக அளவிடலாம். இடைவெளி 1400 மி.மீ., மைய உயரம் 700 மி.மீ. என்று கொண்டால் விடை 1.0, மையம் 50 மி.மீ. உயர்ந்தால் அது 0.93 ஆகிவிடும். திடீரென்று குறுக்கே வரும் மாட்டுக்காக ஸ்டியரிங்கை ஒடிக்கும் நொடியில் இந்தச் சிறு வேறுபாடு உயிரைத் தீர்மானிக்கக்கூடும்.

பலர் கவனிக்கத் தவறுவது வேறொன்று. ஜிம்னியின் முன்னும் பின்னும் திட அச்சுகள் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு) இருப்பதால், நீளமான ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் முன்சக்கரங்களின் கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்து, வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நேராகும் இயல்பு மங்கும். அச்சைக் குறுக்காகப் பிடித்திருக்கும் பான்ஹார்ட் தண்டின் நீளம் மாறாததால் அச்சும் ஒரு பக்கமாகச் சற்று நகரும். எனவே கேஸ்டரைச் சரிசெய்யும் புஷ்ஷும் (இணைப்புகளில் பொருத்தும் உருளை உறை) நீளம் மாற்றத்தக்க பான்ஹார்ட் தண்டும் இல்லாத மலிவான உயர்த்தும் உதிரிபாகத் தொகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருத்தியபின் சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, அச்சு முழுவதும் கீழே தொங்கும் நிலையில், ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். அப்போது பிரேக் ஹோஸ் (பிரேக் திரவம் செல்லும் வளையும் குழாய்) விறைத்து நின்றால் அந்த வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள். முகப்பு விளக்கின் ஒளிக்கோணத்தையும் மறுபடி அமைக்க வேண்டும்.

இந்தியாவில் அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182அ பிரிவின்படி 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.