வாசகர் கேள்வி: சூரியன் மேல் ஒரு புள்ளி

கேள்வி: 2032-ல் புதன் சூரியனுக்குக் குறுக்கே போகுமாமே. எங்கள் பள்ளியில் 60 மி.மீ. தொலைநோக்கி இருக்கிறது, குவியத்தூரம் 700 மி.மீ. அட்டையில் சூரியனை விழவைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?
– ஓர் ஆசிரியை, அஸ்தம்பட்டி

தாராளமாக. நவம்பர் 13, சனிக்கிழமை. பகல் 12.11 வாக்கில் தொடங்கி மாலை 4.37 வாக்கில் முடியும். சேலத்தில் முழுவதும் தெரியும்.

20 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் முனையில் மாட்டும் வில்லை) போட்டு, அதிலிருந்து 50 செ.மீ. தள்ளி வெள்ளை அட்டையை வையுங்கள். சூரியன் 15 செ.மீ. வட்டமாக விழும். புதன் அதில் 194-ல் ஒரு பங்கு, அதாவது முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல்: பால்பாயின்ட் பேனா வைத்த புள்ளி. அட்டையை 30 செ.மீட்டருக்குக் கிட்டே கொண்டுவந்தால் புள்ளி அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது, பின்வரிசையிலிருந்து "எங்கே மிஸ்?" என்று குரல் வரும். குழாயின் முன்பக்கம் ஒரு பெரிய அட்டையில் ஓட்டை போட்டு மாட்டினால் அதன் நிழல் படத்தின் மேல் விழும்; இந்த நிழல் இல்லாவிட்டால் நல்ல வெயிலில் புதன் வெளுத்துப்போகும்.

குறிபார்க்க யாரும் கண்ணை வைக்கக் கூடாது. தரையில் விழும் குழாயின் நிழல் எப்போது மிகச் சிறியதாகிறதோ, அப்போது நேராகிவிட்டது என்று பொருள். குறிபார்ப்பதற்காகக் குழாயின் பக்கத்தில் மாட்டியிருக்கும் சின்னத் தொலைநோக்கியைக் கழற்றிவிடுங்கள். மூடி போட்டு வைப்பதைவிட அதுதான் நிம்மதி, மூடியைத் திறந்துபார்க்காத பிள்ளை உண்டா? பிளாஸ்டிக் ஐபீஸ் உருகும். ஒட்டுவில்லை உள்ளதில் பசை வெந்து கறுக்கும். ஒட்டில்லாத பழைய ஹைஜன்ஸ் வகை போதும். சூரியன் தன் அகலத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும் என்பதால், குழாயை நகர்த்த ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

கேள்வி: 2019 கிரகணத்துக்கு வாங்கிய கண்ணாடி போட்டால் புதன் தெரியாதா?
– ஒரு வாசகர், சூரமங்கலம்

தெரியாது. வெறும் கண்ணால் பிரித்துப் பார்க்கக்கூடியது ஏறத்தாழ 60 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு). புதன் 10 தான். 2004-லும் 2012-லும் வெள்ளி கடந்தபோது அது 58 வில்நொடி இருந்தது, அதனால் அப்போது கண்ணாடியே போதுமாயிற்று. ஆனால் அந்தக் கண்ணாடியோடு ஐபீஸில் மட்டும் பார்த்துவிடாதீர்கள். குவிந்த வெயில் அதைப் பொசுக்கிக் கண்ணுக்குள் போய்விடும். வடிகட்டி எப்போதும் குழாயின் முன்வாயில்தான்.

கேள்வி: கரும்புள்ளியைப் புதன் என்று நினைத்துவிட்டால்?
– கல்லூரி மாணவர், ஓமலூர்

சூரியப் புள்ளிக்கு ஓரம் பிசிறாக இருக்கும், பெரியதென்றால் சுற்றிலும் சாம்பல் நிற விளிம்பும் உண்டு. புதன் சீரான வட்டம், கருமையும் அதிகம். சந்தேகமிருந்தால் இரண்டையும் பென்சிலால் குறித்து அரைமணி கழித்துப் பாருங்கள். சூரியப் புள்ளி அங்கேயே இருக்கும், புதன் நகர்ந்திருக்கும். இப்போதே சூரியப் புள்ளிகளை வைத்துப் பழகிக்கொள்ளலாம்.

கேள்வி: ஏற்காடு போனால் இன்னும் நன்றாகத் தெரியுமா?
– ஒரு வாசகி, கன்னங்குறிச்சி

உயரம் 1,500 மீட்டர் என்பது சாதகம்தான். ஆனால் நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம், பிற்பகலில் மலையில் மூட்டம் இறங்கினால் கீழே வெயில் அடிக்கும்போதே மேலே ஒன்றும் தெரியாது. பகோடா பாயின்ட் கிழக்கு பார்த்தது, இதற்கு உதவாது. முடியும் நேரத்தில் சூரியன் மேற்கு-தென்மேற்கில் அடிவானத்திலிருந்து 16 பாகை உயரத்தில் நிற்கும். சேலம் நகரிலிருந்து பார்த்தால் கஞ்சமலை மறைக்காது, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மறைக்கலாம். காங்கிரீட் மொட்டைமாடியைவிடப் புல்தரை நல்லது. சூடான தளத்திலிருந்து எழும் காற்றலையில் புதன் நடுங்கிக் கரையும்.